மாடிவீட்டுக் கஷாசா

எனக்கு மூக்கு கொஞ்சம் அதிகம். கோபத்தைச் சொல்லவில்லை, அதுவும் உண்டுதான். வாடை பிடிக்கும் மூக்கைச் சொல்கிறேன். அது தானாக வந்ததல்ல, அம்மா பழக்கி வைத்தது.

நாங்கள் இருந்தது கடலூர்ப் பக்கம், கரும்பாலை இருந்த ஒரு ஊரில். அப்பா ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடும் இடத்தில் குமாஸ்தா. அப்போது மதுவிலக்குக் காலம். மதுவிலக்கு என்றால் யாரும் குடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, ஆற்றங்கரை மறைவில் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள் என்று அர்த்தம். மாலையில் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளுவாள். "போ, அப்பாவுக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு வா." நான் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வேன். பிறகு திரும்பி அம்மாவைப் பார்ப்பேன். வாடை இருக்கிறது என்று நான் தலையை ஆட்டினால் எங்களுக்கு அன்று அடுப்படியிலேயே சோறு, அப்பாவின் தட்டு தனியாகக் கூடத்தில். ஆட்டாவிட்டால் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் என்னைத் தூக்கிக் கொஞ்சிய நேரமெல்லாம் நான் வேவு பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசி வருடங்களில் முத்தமெல்லாம் தேவைப்படவில்லை. கை நடுங்கத் தொடங்கிவிட்டது. தம்ளர் வாய்க்குப் போவதற்குள் பாதி வேட்டியில் சிந்தியிருக்கும். அம்மா துணி துவைக்கும்போது மோந்து பார்த்துவிட்டுச் சொல்வாள். சட்டையில் வாடை அடித்தால் குடித்திருக்கிறார், வேட்டிக் கரையில் அடித்தால் கை நிற்கவில்லை. எங்கள் வீட்டில் இதற்கு மேல் வைத்தியம் யாரும் பார்க்கவில்லை. நான் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும்போது அவர் போய்ச் சேர்ந்தார். வருடா வருடம் நினைவு நாளில் இலை போட்டு, வடை பாயசத்தோடு அவருக்குப் பிடித்த நெத்திலி வறுவலையும் அம்மா படைத்தாள். சித்தப்பா வந்து, அண்ணனுக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று இலையில் இல்லையே என்பார். செத்தவர்களுக்குப் பிடித்ததை வைக்கிறதுதான் எங்கள் பக்கத்து வழக்கம், சாராயமானாலும் சுருட்டானாலும். அம்மா எழுந்துபோய்ச் சித்தப்பாவின் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துவாள்.

அதனால் எனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தபோது நான் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன். மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்கிற மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு நிபந்தனையா என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். அங்கே தண்ணீருக்குப் பதிலாகவே பீர்தான் என்று அங்கே போகாதவர்களெல்லாம் எனக்குச் சொன்னார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் அவரிடமே நேராகக் கேட்டுவிட்டேன். காபியே அரை தம்ளருக்கு மேல் இறங்காது என்றார். முகத்தைப் பார்த்தேன், நம்பினேன்.

கல்யாணமாகி, எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் இருந்த டார்ம்ஸ்டாட் நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் குடியிருப்பு மூன்றாம் மாடி. அதற்கும் மேலே, கூரைச் சரிவுக்குக் கீழே இருந்த சின்ன வீட்டில் பிரேசில்காரர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவரும் என் கணவரும் ஒரே ஆய்வுக்கூடம். ஜெர்மன் பேச வராமல் என் கணவர் விழித்துக்கொண்டிருந்த முதல் குளிர்காலத்தில் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கோட்டு வாங்கிக் கொடுத்ததிலிருந்து எல்லாம் அந்த மனிதர்தான். அவர் மனைவிக்கும் எனக்கும் ஜெர்மன் ஒரே அளவுக்கு மோசம். அதனால் நன்றாகப் புரிந்துகொண்டோம். இருவருக்கும் ஒரே குறை, இந்த ஊரில் எலுமிச்சம்பழம் கிடையாது. கடையில் இருந்ததெல்லாம் தடித் தோலோடு மஞ்சளாக, வாசனையே இல்லாத ஒரு பழம். அவளுடைய தம்பி கப்பலில் வேலை பார்த்தான். ஹாம்பர்க் வரும்போதெல்லாம் அக்காவுக்கு ஒரு மூட்டை கொண்டுவருவான், அதில் பச்சை எலுமிச்சையும் இருக்கும். எனக்கும் ஒரு பங்கு கீழே வரும். நான் ஊறுகாய் போட்டு மேலே அனுப்புவேன். அந்த மூட்டையில் எலுமிச்சையோடு வேறு என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் என் கணவர் மாடிக்குப் போவார். ரேடியோவில் கால்பந்து வர்ணனை கேட்பார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்தான். ஆனால் அவள் கறுப்புப் பயற்றில் பன்றிக் காது முதல் வால் வரை போட்டு வேகவைக்கிற வாசனை படியிறங்கி வரும்போதே எனக்குக் குமட்டும். அப்போது நான் மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன். நீங்கள் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை அவர் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் எனக்குச் சுருக்கென்றது. வெல்லம் அடிப்பிடித்தது போன்ற இனிப்பும் அதற்கடியில் ஸ்பிரிட்டின் காரமும். எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு அது தப்பாது. கரும்பாலை ஊரின் ஆற்றங்கரைச் சாராயம் ஜெர்மனியில் மூன்று மாடி ஏறி வந்து என் வீட்டு நடையில் நின்றது.

கேட்டிருக்கலாம். இப்போது சொல்வது சுலபம். குடிக்கிறவர்களிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்று பார்த்து வளர்ந்தவள் நான். அந்த ‘இல்லை’யைக் கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு அவரோடு எப்படி இருப்பது என்று பயந்தேன். அதனால் அம்மா செய்ததைச் செய்தேன். அருகில் போய்த் தோளில் சாய்ந்துகொண்டேன். மூச்சில் ஆரஞ்சுப்பழ வாசனைதான் வந்தது. அடுத்த வாரமும் ஆரஞ்சு. அதற்கடுத்த வாரமும். அப்பா கிராம்பு மெல்லுவார், இவர் ஆரஞ்சு தின்கிறார், படித்தவர் இல்லையா என்று மனதுக்குள் பொருமினேன். அவர் என்ன நினைத்தாரோ, சனிக்கிழமையானால் மனைவிக்குப் பாசம் பொங்குகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளைத்தாய்ச்சி மூக்கு இல்லாத வாடையையெல்லாம் பிடிக்கும் என்பார்கள். ஒருவேளை எல்லாம் என் பிரமையோ என்று சில நாள் தேற்றிக்கொண்டேன். ஒரு திங்கட்கிழமை, வீட்டுக்கு அடியில் நிலவறையில் இருந்த பொதுச் சலவை அறையில் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சட்டையை மோந்தேன். சோப்பு, வியர்வை, சிகரெட் புகை, அவ்வளவுதான். நிம்மதியாகப் பேன்ட்டை எடுத்தேன். கால் மடிப்பில் வாடை குப்பென்று அடித்தது. காலுறையிலும் அதே வாடை. பேன்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சட்டையில் அடித்தால் குடி, வேட்டியில் அடித்தால் கை நிற்கவில்லை. அம்மாவின் கணக்கில் என் கணவர் அப்பாவின் கடைசி வருடங்களுக்கு வந்துவிட்டிருந்தார்.

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாக அவர் கையைப் பார்த்தேன். காபி தம்ளரைப் பிடிக்கும்போது, கையெழுத்துப் போடும்போது, சட்டைப் பொத்தானை மாட்டும்போது. கை நன்றாகத்தான் நின்றது. அது எனக்கு ஆறுதலாக இல்லை, மற்ற நாட்களில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறைக்கிறார் என்றுதான் தோன்றியது. சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றில் பிள்ளை புரளும்போதெல்லாம் ஒரே ஒரு காட்சிதான் கண்ணுக்குள் வந்தது. இந்தப் பிள்ளையின் முதுகில் நான் கை வைத்துத் தள்ளுகிறேன், போ, அப்பாவுக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு வா என்று.

தலைப் பிரசவத்துக்கு ஏழாம் மாதம் நான் அம்மா வீட்டுக்குப் போவதாக முன்பே ஏற்பாடு. அக்டோபரில் பயணம். போய்விட்டுத் திரும்பி வரக் கூடாது என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அங்கே பள்ளிக்கூட வேலை தேடிக்கொள்ளலாம், அம்மாவுக்கும் எனக்கும் பிள்ளைக்கும் போதும். பெட்டி கட்டும்போது என் கம்பளிக் கோட்டை அவர் மடித்து எடுத்து வந்தார். திரும்பி வரும்போது ஜனவரி, பனி கொட்டும், கையிலேயே கொண்டுபோய்விடு என்றார். வேண்டாம், அலமாரியிலேயே இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். மெட்ராஸ் வெயிலில் கம்பளிக் கோட்டோடு இறங்கினால் சிரிப்பார்கள் என்றேன். அவர் கோட்டை மறுபடி அலமாரியில் மாட்டினார்.

புறப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமை அவர் வழக்கம்போல் மாடிக்குப் போனார். இந்தத் தடவை என் கண்ணால் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். அவர் வாயால் வரும் ‘இல்லை’ எனக்கு வேண்டாம். மேலே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அந்தக் குறுகலான படியில் ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கதவு சாத்தப்படாமல் ஒருக்களித்து இருந்தது. தட்டாமலே தள்ளினேன்.

சமையலறை மேசை. நடுவில் வெள்ளைச் சாராயம் நிறைந்த ஒரு போத்தல். பயறு, சோறு, வட்ட வட்டமாக அரிந்த ஆரஞ்சுத் துண்டுகள். என் கணவர் கையில் விளிம்புவரை நிரம்பிய ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை. என்னைப் பார்த்ததும் பிரேசில்காரரின் மனைவி ஓடிவந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். பிரேசில்காரர் மகிழ்ச்சியில் எழுந்தே விட்டார், கடைசியில் வந்தாயா என்று. என் கணவரின் முகத்தில் இருந்தது பயமா வெட்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பிரேசில்காரர் தன் குவளையை எடுத்து முதலில் ஒரு மடக்கு அளவு தரையில் ஊற்றினார். சிந்தவில்லை, வேண்டுமென்றே, நிதானமாக. மிச்சத்தை அண்ணாந்து ஒரே வாயில் விழுங்கி, முகத்தைக் கோணி, காலிக் குவளையை மேசையில் டக்கென்று வைத்தார். அடுத்து என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தன் குவளையைக் காலடியில் கவிழ்த்தார். ஒரு சொட்டு விடாமல் முழுவதையும். அது லினோலியத் தரையில் தெறித்து அவர் பேன்ட் ஓரத்தை நனைத்தது. அவள் தயாராக வைத்திருந்த துணியால் சிரித்துக்கொண்டே துடைத்தாள். என் கணவர் ஒரு ஆரஞ்சுத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவள்தான் எனக்கு விளக்கினாள், அரைகுறை ஜெர்மனில், கையையும் சேர்த்து. இதன் பெயர் கஷாசா. கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சுவது. அவர்கள் ஊரில் கரும்பு வெட்டுகிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் கடை வாசலில் நின்றபடியே ஒரே மடக்கில் குடிப்பது. கொஞ்சம் வசதி வந்துவிட்டால் எலுமிச்சையைச் சர்க்கரையோடு நசுக்கி அதில் கலந்து குடிப்பார்கள், சளி பிடித்தால் தேனும் கலப்பார்கள். அவள் கணவரின் அப்பா விருந்தாளிகளுக்காக விஸ்கியைக் கண்ணாடி அலமாரியிலும் இதை மாவு டப்பாவுக்குப் பின்னாலும் வைத்திருப்பாராம். இங்கே வந்த பிறகுதான் இது மேசைக்கு நடுவில் வந்தது. எப்படிக் குடித்தாலும் முதல் வாய் சாமிக்கு, அவர்கள் கும்பிடும் புனிதருக்கு, தரையில்.

என் கணவர் முதல் நாள் நான் குடிப்பதில்லை என்று சொன்னாராம். பிரேசில்காரரின் முகம் வாடிவிட்டது. ஊரிலிருந்து வந்த ஒரே போத்தலைத் திறந்து நண்பனுக்குக் கொடுக்கிறார், அவன் வேண்டாம் என்கிறான். அப்போது என் கணவர் தரையிலிருந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு அது எதற்கு என்று கேட்டிருக்கிறார். சொன்னதும், அப்படியென்றால் எனக்குக் கொடு என்று குவளையை வாங்கி, மொத்தத்தையும் சாமிக்கே விட்டுவிட்டாராம். மனிதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கணவருக்கும் ஒரு குவளை நிரம்பும், தரைக்குப் போகும்.

"உன் கணவரைப் போல ஒரு பக்திமானை எங்கள் ஊரிலேயே நான் பார்த்ததில்லை" என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. கர்ப்பிணி என்பதால் யாரும் காரணம் கேட்கவில்லை.

படியிறங்கும்போது கோபம் வந்தது. நிம்மதி வந்த சூட்டோடு வருகிற கோபம் அது, தாங்கவே முடியவில்லை. நடுப்படியில் நின்று, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சாராயம்னு சொன்னாலே உன் முகம் எப்படி ஆகும்னு தெரியும். இந்த டைம்ல எதுக்குன்னு விட்டுட்டேன். நான்தான் குடிக்கலையே."

"எங்கப்பாவும் சொல்லாமதான் இருந்தாரு" என்றேன்.

அவர் எனக்குக் கீழே ஒரு படியில் நின்றுகொண்டிருந்தார், முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. "அதனாலதான் கோட் வேணாம்னியா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். சின்ன வயதில் அம்மாவைப் பார்த்து ஆட்டியது போலவேதான் ஆட்டினேன். வீட்டுக்குள் வந்ததும் அவர் கோட்டை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார்.

பயம் அதோடு ஓடிவிட்டது என்று சொன்னால் பொய். இன்று தரைக்கு ஊற்றுகிறவர் நாளை ஒரு வாய் ருசி பார்த்தால் என்கிற நினைப்பு அன்றைக்கே வந்துவிட்டது, அதற்குப் பிறகும் பல வருடம் வந்துகொண்டிருந்தது. ஆனால் திரும்பி வருவது என்று ஆகிவிட்டது.

புறப்படும் நாள் ஃப்ராங்ஃபர்ட் ரயிலுக்குப் போகும் முன் மாடிக்குச் சொல்லிக்கொள்ளப் போனோம். கோட்டைப் போட்டுக்கொண்டே போனேன். பயணம் போகிறவர்களோடு கடைசியாக ஒரு குவளை என்பது அவர்கள் வழக்கமாம். அவள் எல்லோருக்கும் வைத்தாள், பழக்கத்தில் எனக்கும் ஒன்று வைத்துவிட்டாள். என் வயிற்றைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப எடுக்கப் போனாள். நான் அதற்கு முன் எடுத்துவிட்டேன்.

வாழ்நாளில் முதல்முறையாகச் சாராயத்தைக் கையில் பிடித்திருந்தேன். முகத்தருகே கொண்டுவந்தேன். அந்த வாடையில் அப்பா மறுபடி வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். ஒரு வருடம்கூட அவர் இலையில் அதை வைத்ததில்லை என்று நினைத்தேன். அவர் ரொம்ப நாளாகக் காத்துக்கொண்டிருப்பார் என்றும் தோன்றியது. குவளையைத் தரையில் கவிழ்த்தேன். கை நடுங்கியது. பாதி தரையிலும் பாதி என் கோட்டு விளிம்பிலும் விழுந்தது.

சாமிக்கா என்று அவள் கேட்டாள். என் அப்பாவுக்கு என்றேன். பிரேசில்காரர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். தன் குவளையிலிருந்து கொஞ்சத்தை அதே ஈரத்தின் மேல் ஊற்றினார், பிறகுதான் குடித்தார். என் கணவரும் தன்னுடையதை அங்கேயே கவிழ்த்தார்.

மெட்ராஸில் இறங்கி, காரில் ஊர் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். அம்மா ஆரத்தி எடுத்தாள், வயிற்றைத் தடவினாள், இந்த வெயிலில் இது எதற்கு என்று என் கையிலிருந்த கோட்டை வாங்கினாள். வாங்கியவள் நின்றாள். மூக்கு எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொன்னேனே. கோட்டின் மார்புப் பக்கத்தை மோந்தாள், பிறகு விளிம்பைத் தூக்கி மோந்தாள். முகம் வெளிறிவிட்டது.

"மாப்பிள்ளையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நான் ஊத்துனது. அப்பாவுக்கு."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், கதவைச் சாத்துவாள் என்றும் நினைத்தேன். அவள் அந்த விளிம்பை இன்னொரு தடவை மூக்கருகே கொண்டுபோனாள். இந்தத் தடவை சீக்கிரம் எடுக்கவில்லை.

"அதே வாடைதான்" என்றாள். பிறகு கூடத்துக்குப் போய், அப்பா சட்டை மாட்டுகிற ஆணியில் கோட்டை மாட்டினாள்.